இரண்டாவது சாவி

பூட்டு என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கை வீட்டுச் சமையலறையில். அவளுடைய சின்ன மகளுக்கு வரன் வந்திருந்தது.

"பையன் எலக்ட்ரீஷியன்க்கா. லைசென்ஸ் வச்சிருக்காராம். நல்ல மாதிரிதான் விசாரிச்சதுல. ஆனா பேருதான்..." என்று இழுத்தாள்.

"பேருக்கு என்னடி?"

"எல்லாரும் பூட்டுன்னுதான் கூப்பிடுறாங்களாம்."

"நம்ம பொண்ணு வாய்க்கு ஏத்த மாப்பிள்ளைதான்" என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்னவள், "பெரியம்மா, கத்தி என் கையில இருக்கு, பார்த்துப் பேசுங்க" என்றாள். அப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் அந்தப் பெயர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது.

பெயர் வந்த காரணம் இதுதான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் முதலில் மெயினை அணைப்பார். அணைத்துவிட்டு அந்தப் பெட்டியின் கைப்பிடியில் உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்றை மாட்டுவார். சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். வேலை முடிந்து ஏணியை மடக்கி வைத்த பிறகு அவரே வந்து திறப்பார். மற்றவர்கள் "வேலை நடக்கிறது" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும் என்பார்கள். "அட்டை யாரையும் தடுக்காதுங்க. கை வேகமா வர்றவன் எழுத்தை எங்க படிக்கப் போறான்?" என்பார் இவர்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பூட்டு வாங்கினால் இரண்டு சாவி தருவார்கள் அல்லவா? கடையிலேயே, கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டிங் பிளேயரால் ஒரு சாவியை இரண்டாக நறுக்கிப் போட்டுவிடுவார். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. அது கம்பியில் கை வைத்திருப்பவன் பையில்தான் இருக்க வேண்டும்.

கல்யாணமான இரண்டாம் மாதம் வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிவந்தார். கைப்பழக்கத்தில் அதன் இரண்டாவது சாவியையும் நறுக்கிவிட்டிருந்தார். மறுநாள் அவர் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட, கடைக்குப் போய்த் திரும்பிய சின்னவள் மாடிப்படியில் பையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். "பெரியம்மா, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் வெளியிலேயே குடும்பம் நடத்தணும் போல" என்று வந்து நின்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பீரோ, பெட்டி, வாசல் எல்லாவற்றுக்கும் மாற்றுச் சாவி அவள் பொறுப்பு. அரிசி டப்பாவுக்குள் ஒரு கொத்தே வைத்திருந்தாள்.

அவருடைய சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கையின் மூத்த மகளைக் கட்டியவர்; எங்கள் அப்பாவின் சித்தப்பா வழியில் வந்த உறவு. காண்டிராக்டர். கலகலப்பான மனிதர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய வண்டிதான். எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது மூன்று மாடி என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியவர். நல்லவர் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் இதில் பெரிய தொல்லை.

காண்டிராக்டர் வேலை பிடிப்பார், பூட்டு செய்து முடிப்பார். வேலை சரி என்று பூட்டு கையெழுத்துப் போட்டால்தான் கட்டடத்துக்கு மின்சாரம் வரும். பதினேழு வருஷம் அப்படியே ஓடியது. அந்த லைசென்ஸ் தாளைத் தவிர பூட்டுக்குச் சொத்து கிடையாது. "இது போச்சுன்னா நான் வெறும் ஏணி" என்று சொல்லுவார்.

ஒருமுறை ஒரு வேலையில் மெயினைப் பூட்டிவிட்டு, பல்வலி தாங்காமல் பல் பிடுங்கப் போய்விட்டார். சாவி பையில். அரை நாள் பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பி வந்தவர் வாயில் பஞ்சு. காண்டிராக்டர் எவ்வளவு திட்டியும் பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாராம்.

அடுத்து நடந்ததைச் சின்னவள் என்னிடம் சொன்னது பின்னால்தான். ஆனால் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கிய அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காண்டிராக்டர் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பூட்டு குளித்துக்கொண்டிருந்தார். சட்டை ஆணியில் தொங்கியது.

"அம்மாடி, அவர் பூட்டோட சாவியைக் கொஞ்சம் குடேன். ஒண்ணு அடிச்சு வச்சுக்கிறேன்."

"ஐயோ அத்தான், அவருக்குத் தெரிஞ்சா குதிப்பாரு."

"குதிக்கட்டும். உள்ள அவருக்கே ஏதாவது ஆயிட்டா யாரு திறக்கிறது? சாவி அவர் பையில, அவரு கீழ கிடக்கிறாரு. நாங்க நின்னு வேடிக்கை பார்க்கவா? அவரு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் யோசித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்த அந்த நாள் நினைவுக்கு வந்திருக்கும். மாற்றுச் சாவி இல்லாத வீடு உண்டா? எடுத்துக் கொடுத்தாள். தெருமுனையில் சாவி அடிப்பவர் பத்து நிமிஷத்தில் செய்து தந்தார். பூட்டு தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பழைய சாவி பையிலேயே இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது. மூன்று மாடிக் கட்டடம். மின்சாரம் போனால் படிக்கட்டிலும் நடைபாதையிலும் இருக்கிற விளக்குகள் மட்டும் பேட்டரியில் ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும். "கண்ணுல கட்டுப் போட்டவங்களுக்கு விளக்கு எதுக்கு மாப்பிள்ளை?" என்று நான் கேட்டேன். "கட்டுப் போட்டவங்களைக் கையைப் பிடிச்சு இறக்குறவங்களுக்குக் கண்ணு தெரியணுமே பெரியம்மா" என்றார்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் உள்ள ஓர் அறையைக் கேட்டு வாங்கினார். பேட்டரிக்குக் காற்றோட்டம் வேண்டுமாம். பீரோ உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. மட்டம் பார்த்துத் தரையோடு சேர்த்து முடுக்கினார். மேல்பாதியில் இன்வெர்ட்டர், கீழ்பாதியில் இருபது பேட்டரி. அவசர விளக்குக்குப் போகும் ஒயரை வேறு எந்த ஒயரோடும் சேர்க்காமல் தனிக் குழாயில் இழுத்தார். பக்கத்து ஒயர் எரிந்தால் இது தப்பிக்க வேண்டும் என்று. பேட்டரியைத் தொடும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றித் துணியில் முடிந்து வைப்பார். ஸ்பேனரின் பிடி முழுக்க டேப் சுற்றியிருக்கும். நழுவி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் பொறி பறந்து கையை வேகவைத்துவிடும். எல்லாம் முடிந்து, எது பாசிட்டிவ் எது நெகட்டிவ் என்று மீட்டரால் அளந்து பார்த்து, கடைசியில்தான் பேட்டரி வரிசையின் கடைசி இணைப்பைப் போடுவார்.

"இந்த வேலையில ஒரு விசேஷம் இருக்கு பெரியம்மா. மெயினை அணைச்சா கம்பி செத்துப்போச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்க. இங்க மெயினை அணைச்சாத்தான் கம்பிக்கு உயிர் வரும். பேட்டரி முழிச்சுக்கும்."

அதனால் அங்கே அவருக்கு இரண்டு பூட்டு வேண்டியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி, வழக்கம்போல் ஒரு சாவியை நறுக்கிவிட்டு, அதை மெயினுக்கு வைத்துக்கொண்டார். பழைய பூட்டு பேட்டரி சுவிட்சுக்கு.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். ஒன்றரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தார்கள். எல்லா விளக்கும் எரிந்தது. அப்போது நர்சு ஒருவர் தன் அறைச் சுவிட்சை அணைக்க, இரண்டாம் மாடிப் படிக்கட்டு விளக்கும் சேர்ந்து அணைந்தது. வேறு யாரோ அந்த விளக்கை அறைச் சுவிட்சு வழியாக இணைத்திருந்தார்கள். அவசர விளக்கு எந்தச் சுவிட்சுக்கும் கட்டுப்படக் கூடாது. பூட்டு மெயினை அணைத்துப் பூட்டினார்; பேட்டரி சுவிட்சை அணைத்துப் பூட்டினார்; மேலே போய் டெஸ்டரை வைத்துக் கம்பியில் உயிர் இல்லை என்று பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார்.

பிற்பகல் நான்கு மணிக்குப் பெரிய டாக்டர் நாலைந்து விருந்தினரோடு வந்துவிட்டார். "எங்க, எரியவிட்டுக் காட்டுங்க பார்ப்போம்." காண்டிராக்டருக்கு, பூட்டு சாப்பிடப் போயிருக்கிறார் என்ற நினைப்பு. மேலே ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவர் சாவிக்கொத்தை எடுத்தார்.

"பாருங்க டாக்டர், மெயின்ல சுத்தமா கரண்ட் இல்ல. இப்ப பாருங்க."

பேட்டரி சுவிட்சைப் போட்டார். படிக்கட்டு பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் பூட்டு ஏணியிலிருந்து விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் விழுந்தவருக்குக் கைதட்டல் கேட்டதாம்.

தோள்பட்டை எலும்பு முறிந்தது. வலது கையில் இரண்டு விரல் கருகியது. உயிர் தப்பியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் முதலில் கேட்டது, "யார் உடைச்சாங்க பெரியம்மா, என் பூட்டை?"

யாரும் உடைக்கவில்லை. பூட்டு ஒரு கீறல் இல்லாமல் கொக்கியில் திறந்து தொங்கியது. காண்டிராக்டர் எல்லோரிடமும் ஒரே பேச்சைத்தான் சொன்னார்: "பூட்டாமத்தான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மனுஷன்தானே, மறந்துட்டாரு."

லைசென்ஸ் ஆபீசில் நடந்த விசாரணைக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. வெளியே பெஞ்சில் நானும் சின்னவளும்.

"நீங்க பூட்டுனீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"பூட்டினேங்க."

"பூட்டு உடையலை. சாவி எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"வேற சாவி இருக்கா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல, வண்டியில, எங்கயாவது?"

"இல்லவே இல்லைங்க. வாங்கின கடையிலயே நறுக்கிட்டேன். வேணும்னா கடைக்காரரைக் கேளுங்க."

"அப்போ பூட்டு எப்படித் திறந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

என் பக்கத்தில் சின்னவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கணவனுக்காக அழுகிறாள் என்றுதான் நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் வாயாலேயே அவர் லைசென்ஸ் போயிற்று. காண்டிராக்டர் கீழே எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

போனது லைசென்ஸ் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த மனிதருக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. அடுப்பை அணைத்தேனா, குழாயை மூடினேனா என்று பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்ப்பார். "நான்தான் மறந்துட்டேனோ பெரியம்மா? பூட்டுன மாதிரியே இருக்கு. ஆனா பூட்டலையோ?" என்று என் முகத்தைப் பார்ப்பார். தெருவில், "என்னப்பா பூட்டு, இன்னிக்காவது பூட்டுனியா?" என்று கேலி செய்தார்கள்.

ஆறு மாதம் இதைப் பார்த்த பிறகு சின்னவளால் தாங்க முடியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் சொல்லிவிட்டாள். "நீங்க பூட்டுனீங்கங்க. மறக்கல. இன்னொரு சாவி இருந்துச்சு. நான்தான் அத்தான்கிட்ட கொடுத்தேன்."

அவர் சத்தம் போடவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "விசாரணை அன்னிக்கு வெளிய உட்கார்ந்திருந்தியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

அவள் தலையாட்டினாள்.

என் தங்கை இறந்துவிட்டதால் அவள் பிள்ளைகளுக்குப் பெரியவள் நான்தான். என் வீட்டில் கூடினார்கள். அன்றைக்குத்தான் எனக்கும் விஷயம் தெரிந்தது. காண்டிராக்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான் வேணும்னா செஞ்சேன் தம்பி? இப்போ போய்ச் சொன்னா என்னை உள்ள வச்சிடுவாங்க. கம்பெனியை மூடிடுவாங்க." மூத்தவள் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்: "நான் உங்ககிட்டதான் சொன்னேன். ஆபீசுல வந்து சொல்ல மாட்டேங்க. அக்கா குடும்பம் என்ன ஆகும்?"

பூட்டு சொன்னார்: "எனக்கு யாரும் உள்ள போக வேண்டாம். ஒரே ஒரு வரி. 'அவன் பூட்டினான்'னு எழுதிக் கொடுங்க. அது போதும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க பெரியம்மா. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

மூன்று மாடி என்னைச் சுமந்தவர் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் சொன்னேன்: "விட்டுடுங்க மாப்பிள்ளை. ரெண்டு பொண்ணுங்களும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. நீங்க பெருந்தன்மையானவர்."

"சரி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பெருந்தன்மை என்ற சொல்லை நான் எதற்குச் சொன்னேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. அவருக்குச் சேர வேண்டிய ஒரு வரியைத் தராமல், பதிலுக்கு அந்தச் சொல்லை நீட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்லுவார். பெரியம்மா என்று கூப்பிடுவதில்லை. காண்டிராக்டர் இப்போது வேறு லைசென்ஸ்காரரை வைத்து வேலை எடுக்கிறார். பூட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு கடையில் மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறார். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. காலை ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புகிறார். சின்னவளும் அவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.