கோடு குறைவதற்குள்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலில் போசனாக இருக்கிறவர். மேல்தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். கப்பல் உயரத்துக்கு எழும்பும் அலையில் நின்று கயிறு கட்டியவர். அப்படிப்பட்டவருக்கு டிவியில் தெரிகிற ஒரு கதவைத் திறக்கப் பயம்.

"ஏளா, பக்கத்துல வந்து உக்காரு" என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிடுவார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும்.

டிவியில் மாட்டி விளையாடும் மெஷினைப் போன தடவை லீவுக்கு வரும்போது சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்தார். கப்பலில் சின்ன வயசுப் பயல்களோடு சேர்ந்து பழகியதாம். எங்கள் மகள் கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவோம். துறைமுக ரோட்டில் நிலக்கரி லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கேம் டப்பாவில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. எனக்கு நாற்பத்தெட்டு. இருந்தாலும், யாராவது வந்தால் அதை எடுத்து டிவி பக்கத்தில் இருக்கும் மக்ரூன் பலகார டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்.

முதலில் பேய்க்கதை என்றுதான் நினைத்தேன். ஏதோ பனி பெய்கிற மலை ஊர். அங்கே ஒரு வியாதி பரவி, அது வந்தவர்கள் ஆளை அடையாளம் தெரியாமல் பாய்கிறார்கள். ஒரு டாக்டரம்மாவும் அவள் புருஷனும் அந்த ஊரில் மாட்டிக்கொள்கிறார்கள். நாம்தான் டாக்டரம்மா. கையில் ஒரு துப்பாக்கி, எண்ணிப் பார்க்கிற அளவுக்குக் குண்டு, இரண்டு மூன்று மருந்துப் பாட்டில். அவ்வளவுதான். அதை வைத்து ஊரைக் கடக்க வேண்டும்.

இவர் நிழல் ஆடினாலே சுடுவார். பாதி ஊர் வருவதற்குள் கை காலியாகிவிடும். ஆறு மாசம், எட்டு மாசம் ஒற்றை ஆளாக வீட்டை நடத்துகிற எனக்கு அது பொறுக்கவில்லை. "ஒரு ஆளுக்கு எதுக்கு அஞ்சு குண்டு? அவன் மெதுவாத்தான வாரான், சுத்திப் போங்க" என்றேன். சுற்றிப் போனார். தப்பித்தோம். அன்றிலிருந்து பட்டனை அமுக்குவது அவர், முடிவு சொல்வது நான் என்று ஆனது. எனக்கு இங்கிலீஷ் வேகமாக வராது. எழுத்து வரும்போது அவர் வாசித்துத் தமிழில் சொல்வார்.

போகப் போகத்தான் தெரிந்தது, அது பேயைப் பற்றியதே இல்லை என்று. அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு பையன் இருந்து இறந்திருக்கிறான். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. வழியில் ஒரு வீட்டில் ஒரு தாய், வியாதி வந்த மகளை அறையில் பூட்டிவைத்து, கதவுக்கு அடியில் சோறு தள்ளிக்கொண்டிருக்கிறாள். நம்மிடம் இருக்கிற மருந்தைக் கொடுப்பதா, நமக்கு வைத்துக்கொள்வதா என்று கேம் கேட்கிறது. நான் கொடுக்கச் சொன்னேன். அந்த மருந்து இல்லாமல் பிறகு நாங்கள் மூன்று தடவை செத்தோம். மறுநாள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதும் அந்தத் தாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கொடுத்தது சரிதான் என்று நான் சொன்னேன். அவர் மீனைக் கழுவிக்கொண்டே, கொடுத்தது சரி, ஆனால் பாதி கொடுத்திருக்கலாம் என்றார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது பேச்சு வரும் இடங்கள்தான். யாராவது ஏதாவது கேட்டால் திரைக்கு அடியில் மூன்று பதில் வரும். அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு. அது குறைந்துகொண்டே வரும். தீர்வதற்குள் ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். நான் மாதா கோயில் பெண்கள் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள். ஆட்டோக்காரர் வேறு தெருவில் இறக்கிவிட்டால் இறங்கி நடந்து வருகிறவள். கோடு ஓட ஓட நான் முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தப் புருஷன் வாசலில் நின்று, நான் மட்டும் வெளியே போய் வழி பார்த்து வரட்டுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டான். மூன்று பதில் வந்தது. இவர் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். மூன்றாவதை முடிக்கும்போது கோடு பாதிக்குமேல் போய்விட்டது. போக வேண்டாம் என்பதுதான் என் மனசில் இருந்தது. வாயில் வரவில்லை. கோடு தீர்ந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். அப்புறம் திரும்பி வரவே இல்லை. பனியில் அவன் தொப்பி மட்டும் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணுமே சொல்லலியே?"

"ஒண்ணும் சொல்லலைன்னா 'போ'ன்னு எடுத்துக்கிடும்" என்றார். "அதுவும் ஒரு பதிலுதான் இதுல."

பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி விளையாடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் டாக்டரம்மா தனியாகவே நடந்தாள். அவள் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்பது எனக்கு என்னமோ போல இருந்தது.

நான்கைந்து நாள் கழித்து, விளையாட்டுக்கு நடுவில் அவருக்கு போன் வந்தது. கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டு. டாக்டரம்மாவை ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்திவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினார். எனக்கு விஷயம் தெரியும். எங்கள் தெருவில் பாதி வீடு கப்பல்காரர் வீடு. கப்பலுக்கு அழைப்பு வந்த வீட்டில் போக வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். அந்தச் சொல் கெட்ட சகுனமாகக் கடலில் ஆளுக்குப் பின்னாலேயே போகும் என்று ஒரு பயம். அதனால் பெட்டியைத்தான் எடுத்துவைப்போம். மகள் பிறந்த வருஷமும் அப்படித்தான் எடுத்துவைத்தேன். போன வருஷம் அவர் முதுகுவலியோடு போனபோதும் தைலப் பாட்டிலை நடுவில் வைத்து மூடினேன்.

கீழே வந்தார். "எட்டு மாசம். வெள்ளிக்கிழம மும்பைல இருக்கணுமாம். அரை மணி நேரத்துல சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு எப்போதும் போல, "போகட்டுமா?" என்று கேட்டார்.

நான் எப்போதும் போலத் தரையைப் பார்த்தேன். டைல்ஸில் ஒரு கோடு இருந்தது. அது அப்படியே இருந்தது, குறையவில்லை. இவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போகிறார் என்று தெரிந்தது.

"போவாண்டாம்" என்றேன்.

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. அவர் நின்றார். நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இத்தன வருஷமா சொன்னதில்லயே நீ."

"நீங்க முடிவு பண்ணிட்டுத்தான் ஒரு மரியாதைக்குக் கேக்கியன்னு நெனச்சேன்."

"ஒவ்வொரு தடவையும் நெசமாத்தான் கேட்டேன். நீ பேசாம பெட்டிய எடுத்துருவ. சரி, இவன் எப்படா கெளம்புவான்னு இருக்கா போலன்னு நானும் போயிருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணை என்னிடமிருந்து எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும். முதுகுவலி, மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருப்பது, இங்கே துறைமுகத்தில் இழுவைப் படகுக்கு அனுபவமுள்ள ஆள் கேட்டதாக அவர் கூட்டாளி சொன்னது, எல்லாவற்றையும் அப்போதுதான் பேசினோம். கடலைப் பற்றிய அந்தப் பயத்தையும் சொன்னேன். "போனாத்தான பின்னால வரும்" என்றார். அரை மணி நேரம் ஆகுமுன்பே ஏஜெண்டைக் கூப்பிட்டு, இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டார். இழுவைப் படகு வேலை கிடைக்குமா என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

டிவியில் டாக்டரம்மா அதே கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார், ஆனால் பட்டனை அமுக்கவில்லை.

"திறங்க. நான் இங்கனதான இருக்கேன்" என்றேன்.

திறந்தார். உள்ளே ஒரு பூனை ஓடியது. அதற்கு நாலு குண்டைச் செலவழித்தார். அவர் துள்ளியதில் மக்ரூன் டப்பாவும் கீழே விழுந்து சிதறியது. நான் திட்டிக்கொண்டே பொறுக்கினேன்.