ஃபிளாட்வுண்ட் வந்த வாரம்

தென்காசியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "நாலு கம்பி இருக்குமே, அதா?" என்றுதான் வரும். அதேதான். பகலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாண ரிசப்ஷன், சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்து ரிசார்ட்டுகள். எங்கள் குழு சின்னது. என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசிப்பார். அவருடைய அக்கா, எனக்கு மைனி, பாடுவார். ட்ரம்ஸுக்கு ஆள் கிடைக்காத நாளில் கீபோர்டுக்குள் இருக்கிற தாளத்தை வைத்தே ஒப்பேற்றிவிடுவோம்.

இந்த வருஷம் சீசன் தொடங்குமுன், ஐந்தருவி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் வாசிக்கக் கேட்டிருந்தார்கள். மேனேஜருக்கு அனுப்ப ஒரு மெதுவான பாட்டை வீட்டிலேயே ரெக்கார்ட் செய்தோம். மைனி ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பாதியிலேயே கழற்றிவிட்டார்.

"ஏட்டி, நான் மூச்சு விடுத எடத்துல எல்லாம் ஒன் கம்பி கீச்சு கீச்சுங்குது. ரூமுக்குள்ள எலி பூந்த மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. வாங்கிக் கேட்டேன். எலியேதான்.

பேஸ் கம்பி தடியானது. உள்ளே ஒரு கம்பி ஓடும், அதன்மேல் இன்னொரு உருண்டைக் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருப்பார்கள். விரல் அந்த மேடு பள்ளத்தில் உரசிக்கொண்டு நகரும்போதுதான் கீச்சு. சாரல் காற்று பட்டால் கேட்கவே வேண்டாம். துரு ஏறி, கம்பி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

இதற்கு என்ன வழி என்று தேட ஆரம்பித்தேன். லேபில் ரத்தத்தைப் பிரிக்கிற மிஷின் சுற்றி முடிகிறவரை சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில் போனில் படிப்பேன். அப்படித்தான் ஃபிளாட்வுண்ட் கண்ணில் பட்டது. உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பார்கள். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. பேர் கேள்விப்பட்டதுதான், ஆனால் அதில் இத்தனை தினுசு இருக்கும் என்று தெரியாது. ஸ்டீல் நாடா, நிக்கல் நாடா, மேலே கறுப்பு நைலான் சுற்றியது, இழுவிசை கூடினது, குறைந்தது, நீளமானது, குட்டையானது. ஒருத்தர் ஸ்டீலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார், அடுத்தவர் நைலான் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்கிறார். எனக்கு ரெண்டு பேர் சொல்வதும் சரி என்றே பட்டது. மிஷின் நின்று கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை.

தென்காசிக் கடைகளில் கிடையாது. திருநெல்வேலியில் விசாரித்தால் சாதாரணக் கம்பிதான் இருக்கிறது என்றார்கள். ஆன்லைனில் ஸ்டீலில் ஒரு செட், நைலானில் ஒரு செட் ஆர்டர் போட்டேன்.

"ஒண்ணு போதாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"ரெண்டையும் கேட்டாத்தான எது நல்லாருக்குன்னு தெரியும்."

"ஒரு பேஸ்ல ரெண்டையும் எப்படி மாட்டுவ?"

அது நியாயமான கேள்வி. செங்கோட்டையில் இருக்கிற தம்பிக்கு போன் போட்டேன். கூடப் பிறந்த தம்பி இல்லை. அங்கே ஒரு சர்ச்சில் பேஸ் வாசிக்கிறவன், மர டிப்போவில் வேலை. அவன் அம்மாவுக்குக் கேரளாவில் புனலூர் பக்கம் என்பதால் என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"சேச்சி, பேஸுன்னா பளிச்சுன்னு கேக்கணும். நீங்க சொல்லுத கம்பியப் போட்டா போர்வைக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கும்."

"நீ கேட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்போ ஒன் பேஸத் தூக்கிட்டு சனிக்கிழமை வாலே."

பார்சல் ரெண்டும் வெள்ளிக்கிழமை வந்தன. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்தேன் என்று இப்போது நினைவில்லை. ஸ்டீல் கம்பியைச் சுருளிலிருந்து எடுத்து விரலால் ஒரு முறை தடவினேன். எவர்சில்வர் கரண்டிக் காம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பத் திரும்பத் தடவினேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் கையிலும் கொடுத்தேன். அவரும் ரெண்டு தரம் தடவிப் பார்த்தார்.

சனிக்கிழமை மதியம் தம்பி வந்தபோது என் பேஸில் ஸ்டீல் செட்டை மாட்டி முடித்திருந்தேன். இழுவிசை கூடினதால் பேஸின் கழுத்து முன்பக்கமாக வளைந்து, கம்பிகள் கட்டையை விட்டு மேலே எழும்பிவிட்டன. அழுத்தினால் விரல் நோகிறது. கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதை முறுக்கினால் வளைவு நிமிரும். அதற்கான சாவி தம்பியிடம் இருந்தது. கொஞ்சமாகத் திருப்பினான், சுருதி சேர்த்தோம், மறுபடி கொஞ்சம் திருப்பினான். கம்பி இறங்கி வந்து உட்கார்ந்தது.

நைலான் செட்டை அவன் பேஸில் மாட்டினோம். அங்கேதான் இடித்தது. கம்பியின் நுனியில் சாயநூல் சுற்றியிருப்பார்கள். அந்தப் பகுதி கழுத்தைத் தாண்டி, முறுக்குகிற கீ பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அவன் பேஸில் அது விரல் அழுத்துகிற இடத்திலேயே வந்து நின்றது. கம்பி குட்டை.

"தீர்ந்துது சேச்சி. திருப்பி அனுப்பிருங்க."

எனக்கு மனசே இல்லை. என் பேஸுக்கு அளவு பார்த்துத்தான் வாங்கியிருந்தேன், பேஸ் ரெண்டும் ஒரே நீளம். அப்புறம் ஏன் குறைகிறது என்று அவனுடையதைத் திருப்பிப் பார்த்தேன். கம்பியை உடம்பின் முதுகுப் பக்கத்திலிருந்து நுழைத்து மேலே கொண்டுவந்திருந்தான். அந்தத் தடிமனுக்கே கொஞ்சம் நீளம் போய்விடுகிறது. கம்பிகளைத் தாங்குகிற இரும்புத் தகட்டை பிரிட்ஜ் என்போம், அதன் பின்விளிம்பிலும் ஓட்டை இருந்தது. அங்கேயிருந்து கோர்த்தோம். சாயநூல் கழுத்தைத் தாண்டிப் போய் நின்றது. நான் கை தட்டினேன். தம்பி முதல் தடவையாகச் சிரித்தான்.

மைனியைக் கூப்பிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தோம். திரும்பக் கூடாது என்று ஒப்பந்தம். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, ரெண்டு பேஸையும் நானே வாசித்தேன். மாற்றி மாற்றி வாசிக்க, மைனி ஒவ்வொரு தடவையும் நைலானையே சொன்னார்.

"இது மெத்துன்னு கீழ கெடக்கு. நான் மேல நடந்து போலாம். இன்னொண்ணு என்கூடப் போட்டிக்கு வருது."

எனக்கு ஏமாற்றம்தான். என் மனசு ஸ்டீலில் விழுந்துவிட்டிருந்தது. அடித்த நொடியில் 'தும்' என்று எழுந்து, சுருக்க அடங்குகிற அந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதில் வேடிக்கை, போர்வை என்று சொன்ன தம்பியும் கட்சி மாறிவிட்டான். தன் பேஸை மடியில் வைத்துக்கொண்டு கறுப்புக் கம்பியை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தான். "பெரிய வயலின் மாதிரி இருக்கு சேச்சி, நிக்க வச்சு வாசிப்பாங்களே, அது மாதிரி." பாடுகிறவர் சொல்வதுதான் சரி என்று, ரிசார்ட் நிகழ்ச்சிக்கு அவன் பேஸைக் கேட்டேன். அவனும் கூட வருவதாகச் சொன்னான்.

நைலானில் மறுபடி பதிந்து அனுப்பிய பாட்டு மேனேஜருக்குப் பிடித்துவிட, அடுத்த வாரம் ரிசார்ட் புல்வெளியில் மேடை. தகரக் கூரை போட்டிருந்தார்கள், மூணு பக்கமும் திறப்பு. மலையில் மழை பிடித்து, அருவி இரைச்சல் ரோட்டைத் தாண்டி வந்தது. சாரல் பூப்போல விழுந்தது. மாலையில் சவுண்ட் சரிபார்க்க நைலானில் தொடங்கினேன். வாசிக்கிறேன் என்று விரலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் சுவர் திருப்பித் தந்த சத்தத்தை இங்கே காற்றும் தண்ணீரும் கொண்டுபோய்விட்டன. வால்யூமைக் கூட்டினால் மொத்தமாக உறுமியது, சுரம் பிரியவில்லை.

மைனி மைக்கை விட்டு என் பக்கம் திரும்பினார். "எங்கட்டி இருக்க நீ?"

"இங்கனதான் மைனி நிக்கேன்."

"சுருதிக்குப் பிடிமானமே இல்ல. அந்த இன்னொண்ணக் கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தேன். ஸ்டீல் போட்ட என் பேஸைத் தோளில் மாட்டி, பல்லவியின் முதல் சுரத்தை அடித்தேன். அருவிச் சத்தத்துக்கு நடுவே அது தனியாக எழுந்து நின்றது. புல்வெளியின் கடைசியில் நின்றிருந்த தம்பி ரெண்டு கையையும் தூக்கினான். மைனி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

நிகழ்ச்சியில் ஈரக் கையோடுதான் வாசித்தேன். கம்பி வழுக்கியது, நானும் கூடவே வழுக்கிக்கொண்டு போய், இதுவரை துணியாத இடத்துக்கெல்லாம் விரலை நகர்த்தினேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். வீட்டுக்காரர் ஒரு இடத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, என்னைத் தனியாக வாசிக்க விட்டார். அப்படி ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை.

நைலான் செட்டை நான் திருப்பிக் கேட்கவில்லை, தம்பியும் கழற்றவில்லை. செங்கோட்டை சர்ச்சுக்கு உயரம் குறைந்த கூரை, சுற்றிலும் கெட்டிச் சுவர். போன ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மைனி சொன்ன மாதிரியே, குரல்கள் எல்லாம் அதன்மேல் நடந்து போயின.