வால் எலும்பும் ஒரு கேள்வியும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து மூன்று நாள் கார் ஓடி, அல்பேர்ட்டாவின் டைனோசர் புதைபடிவப் பூங்காவுக்கு நானும் என் கணவரும் வந்திருக்கிறோம். மருந்துக்கும் மரமில்லை. மழை அரித்த சாம்பல் நிற மண்மேடுகள் வெயிலில் கொதிக்கின்றன. வழிகாட்டும் பெண்ணின் பின்னால் பதினைந்து பேர் நடக்கிறோம்.

ஒரு சரிவில் நான் நின்றுவிடுகிறேன். உள்ளங்கை அளவில் பழுப்பு நிறக் கல் ஒன்று கிடக்கிறது. அதன் நடுவில் ஒரு குழிவு.

"இது முள்ளந்தண்டு எலும்பு," என்கிறேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

வழிகாட்டும் பெண் தொடாமல் குனிந்து பார்க்கிறாள். "சரிதான், வாலுக்குரியது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரொறன்ரோவில் மூன்று வருடமாகத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறேன். அங்கே யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

"யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தேன்."

"அப்படியென்றால் இவர்களுக்கும் நீங்களே சொல்லுங்கள்," என்று விலகி எனக்கு இடம் விடுகிறாள்.

"என்ரை இங்கிலீஷ் இதுக்குக் காணாது," என்று இவரிடம் முணுமுணுக்கிறேன்.

"அது காணும். நீர் சொல்லும்," என்கிறார்.

குந்தியிருந்து மண்ணில் விரலால் ஒரு முதுகெலும்பைக் கீறுகிறேன். வால் எப்படி அசையும் என்று கையை வளைத்துக் காட்டுகிறேன். சொல் வராத இடங்களில் கை பேசுகிறது. எல்லோரும் கிட்ட வருகிறார்கள். வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்துகிறார்.

"ஓம், கேளுங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு அது விளங்கிவிடுகிறது. கேட்கிறார்.