படகை விற்காதே, தொவான்

ஹாவ் ஆற்றில் மிதக்கும் படகுச் சந்தையில் பரங்கிக்காய் விற்கும் தியெப்புக்கு வாய் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில், படகு நிறையக் காயை ஏற்றிக்கொண்டு தன்னந்தனியாக ஆற்றில் வருகிற பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா? படகு எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். தண்ணீர் மொள்ளப் போனாலும் அது இடுப்பில் இருக்கும்.

காரணம் சந்தைக்கே தெரியும். இங்கே படகுக்காரர்கள் எதை விற்கிறார்களோ அதை முன்கம்பத்தில் தொங்கவிடுவார்கள். அன்னாசி தொங்கினால் அன்னாசி, முள்ளங்கி தொங்கினால் முள்ளங்கி. தென்னங்கீற்று தொங்கினால் படகே விலைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். தியெப்பின் புருஷன் தின், கட்டிய துணியோடு அவள் படகில் ஏறிக் குடித்தனம் நடத்தியவன். அவள் தாயின் சாவுக்குக் கரைக்குப் போன சமயம் பார்த்துக் கம்பத்தில் கீற்றைக் கட்டினான். திரும்பி வந்தபோது படகும் இல்லை, அந்தப் புண்ணியவானும் இல்லை. அடுத்தவர் படகில் மூட்டை தூக்கித் தூக்கி அவள் இன்னொரு படகு வாங்குவதற்குள் இளமை போய்விட்டது.

தொவான் எஞ்சின் பழுதுபார்ப்பவன். சின்னப் படகொன்றில் தானே சமைத்து, தானே தின்று திரிகிறவன், அவளைவிட வயதில் இளையவன். அவள் எஞ்சின் இருமத் தொடங்கிய நாளில் வந்தான். வேலை முடிகிறவரை அவள் அவன் தலைக்கு மேலேயே நின்றாள்.

"ஏன்க்கா, நான் எஞ்சினையே முழுங்கிருவேன்னு பாக்கறீங்களா?"

"முழுங்குற மூஞ்சிதான். வேலையப் பாரு."

அவன் சிரித்தான். கைப்பிடியைத் துடைத்து, கேட்காமலே அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எஞ்சின் அடிக்கடி இருமியது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்பது நூடுல்ஸ் விற்கும் மூய்க்குத்தான் முதலில் புரிந்தது.

"தியெப்பக்கா, எஞ்சினுக்கு நோவா, எஞ்சின்காரிக்கு நோவா?" என்று தன் படகிலிருந்து கத்தினாள்.

"உன் சூப்புல உப்பில்ல, அதப் போய்ப் பாரு!" என்றாள் தியெப். ஆனால் காது சிவந்துவிட்டது.

அவளுக்கே அது பிடிக்கவில்லை. இந்த வயதில் ஒருவன் படகுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அவன் எதற்கும் சத்தியம் செய்யவில்லை, எதையும் கேட்கவில்லை. அதுதான் அவளைப் பிடித்து இழுத்தது. மழைக்காலத்தில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டபோது, படகு நிறையக் காய் அழுகக் கிடந்தது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி இடுப்பிலிருந்த கைப்பிடியை உருவி, பார்க்க வந்த அவனிடம் நீட்டினாள். "காயை வித்துக் குடு" என்றாள். அவள் எழுந்து நடமாடும்வரை படகு அவனிடம்தான் இருந்தது. ஆற்றங்கரைக்கு வந்தவள் அது அங்கே நிற்பதைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள்.

அப்பாவின் நினைவுநாள் விருந்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேதான் பெரியண்ணன் லோக் ஆரம்பித்தான்.

"என் தங்கச்சியக் கட்டணும்னா உன் படகை வித்துட்டு வா. சொந்தப் படகு வச்சிருக்கிறவன் என்னிக்கு வேணா கயித்த அவுத்துட்டுப் போயிருவான். எங்களுக்கு ஒரு தடவ பட்டது போதும்."

சொந்தபந்தமெல்லாம் தலையாட்டியது. தியெப்பும் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். லோக் சொன்ன பயம் அவளுக்குள்ளும் இருந்தது.

மறுநாள் காலையில் தொவானின் கம்பத்தில் தென்னங்கீற்று ஆடியது. சந்தையே பார்த்தது. விலை பேச ஒருவன் வந்தும் நின்றான். லோக்கும் சாட்சிக்கு வந்து மூய் படகில் சூப்பு குடித்துக்கொண்டிருந்தான். தியெப்புக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை, பற்றி எரிந்தது. தன் படகை அவன் படகோடு மோத விட்டுத் தாவி ஏறி, கீற்றைப் பிய்த்து ஆற்றில் எறிந்தாள்.

"யாரக் கேட்டுக் கட்டுன?"

"நீங்க நிம்மதியா தூங்கணும்னுதாங்க்கா."

"போக்கிடம் இல்லாம என்கூட இருந்தவன ஏற்கெனவே பாத்துட்டேன். அவன் பேரு தின். எனக்கு அப்படி இன்னொருத்தன் வேணாம். உனக்குப் படகு இருக்கணும், எஞ்சின் ஓடணும், டேங்க்ல டீசல் இருக்கணும். அத்தனையும் இருந்தும் சாயங்காலம் என் பக்கத்துல வந்து நிக்கணும். அதுதான் எனக்கு வேணும்." வாங்க வந்தவனைப் பார்த்துத் திரும்பினாள். "என்னய்யா முழிக்கிற? பரங்கிக்காய் வேணும்னா வாங்கு, இல்லாட்டி நடையக் கட்டு."

லோக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தான். "அறிவுகெட்டவளே, நாளைக்கே இவன் ஓடிட்டா என்ன பண்ணுவ?"

மூய்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டாள். தியெப் தொவானைப் பார்த்தாள். அவன் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை.

"ஓடினா அழுவேன். மூணு மாசம் அழுவேன், அப்புறம் காய் விக்கப் போவேன். அந்த பயம் என்னோடது, அத நான் பாத்துக்கறேன். நீ சூப்பக் குடி, ஆறிப்போகுது."