தவக்காலத்து முருங்கைக்கீரை

என் அண்ணனின் இதயத்தில் ஒரு வால்வு உலோகத்தால் ஆனது. சுனாமி கழிந்து சில வருஷங்களில் திருவனந்தபுரத்தில் வைத்தது. உலோகத்தைக் கண்டால் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்குமாம். உறைந்த துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் ஆள் தொலைந்தான். அதைத் தடுக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. இதெல்லாம் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. “வைட்டமின் கே கூடாமப் பார்த்துக்கணும்” என்று டாக்டர் சொன்னதுதான் புரியவில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் முருங்கைக்கு முருங்கை என்றுதான் பெயர். அதற்கு இங்கிலீஷ் எழுத்து வைத்து யார் கூப்பிட்டார்கள்?

ஆபரேஷனுக்கு முன் மைனி, அண்ணனின் மனைவி, மாதாவிடம் நேர்ந்திருந்தாள்: ஆள் பிழைத்தால் அடுத்த தவக்காலம் முழுக்க வீட்டில் மீன் ஏறாது. கடல்புரத்தில் இது லேசுப்பட்ட நேர்ச்சை இல்லை. மீன் இல்லாத சோற்றை நாங்கள் சோறு என்றே சொல்வதில்லை.

மீனுக்குப் பதில் தினமும் முருங்கைக்கீரை வந்தது. தேங்காய் சேர்த்து வதக்கித் துவரன் வைத்தாள், பருப்பில் போட்டாள். “தின்னுங்க, ரெத்தம் ஊறும்” என்று மறுபடியும் வைப்பாள். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றான். மாத்திரையையும் தவறாமல் போட்டான். ரத்தப் பரிசோதனையை மட்டும், இத்தனை நாள் சரியாகத்தானே இருக்கிறது என்று ஈஸ்டருக்குப் பின்னால் தள்ளிவைத்தார்கள்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் அண்ணன் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே சரிந்தான். வாய் கோணியிருந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில், புதிதாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். மைனி பெருமையாகவே சொன்னாள்: “தெனமும் கீரைதான் டாக்டரே. மீனத் தொடல்ல.”

ரத்தம் உறைய உதவும் அந்த வைட்டமின் கீரையில்தான் நிறைய இருக்கிறது என்றார் டாக்டர். திடீரென்று அது கூடினால் மாத்திரை பலிக்காதாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதை அன்றைக்குத் திருவனந்தபுரத்திலேயே கீரை என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

“அப்போ மீனு குடுத்திருந்தேம்னா இவியளுக்கு ஒண்ணும் வந்திருக்காதா?” என்று மைனி கேட்டாள்.

அண்ணனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

“ஒம்மேல தப்பில்லன்னு சொல்லுகான் மைனி” என்றேன்.

“அத அவிய சொல்லட்டும் மக்கா” என்றாள்.

அதற்குப் பிறகும் அண்ணன் சில வருஷம் இருந்தான். கடைசிவரை அவனுக்குப் பேச்சு வரவில்லை.