ரங்கூன் ஓட்டல் அட்டை

இரண்டாவது உலகச் சண்டை ஓய்ந்த சமயம், துறைமுகத்துப் பக்கம் கல்மண்டபம் டீக்கடையில் அவரைப் பார்ப்பேன். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அடுப்பு அனலில் புருவமே தீய்ந்துபோயிருக்கும். போன ஊர்களிலெல்லாம் ஓட்டல் படம் போட்ட தபால் அட்டைகள் சேர்த்திருந்தார். கரையிறங்கும் கப்பல்காரர்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். "இந்த ஓட்டலு இன்னும் கீதா, குண்டு வுழுந்துச்சா?" ரங்கூன் அட்டையை மட்டும் அடியில் சொருகிவிடுவார்.

"அதை ஏன் காட்டறதில்லை?" என்றேன்.

"எந்தம்பி அங்கதான் ரொட்டி சுட்டுகினு இருந்தான் சார். நான் கேக்காதவரிக்கும் அது நிக்கும்."

ஒருநாள் காற்றில் அட்டைகள் சிதறின. பொறுக்கிக் கொடுத்த கப்பல்காரன் ஒருவன், "அட, ரங்கூன் ஓட்டலா! இது..." என்று ஆரம்பித்தான். இவர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். நல்ல சேதியாகக்கூட இருந்திருக்கலாம்.

"டீ ஆறிப்போவுது, குடி நைனா" என்றாரே தவிர, பொத்திய கையை எடுக்கவில்லை.