முறத்துக்குள் ஒரு புள்ளி

என் அத்தையின் இடது கையில் நான் ஒரு புள்ளியாக இருந்தேன். முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், பச்சை குத்திய சின்ன முறம் ஒன்று. அந்த முறத்தின் நடுவில் ஒரு புள்ளி. யாராவது அத்தையின் கையைத் திருப்பிப் பிடித்து, இது யார் என்று என்னைக் கேட்பார்கள். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை ஒரு முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று எறிந்த பிள்ளையை எமன் தேடி வர மாட்டான் என்பது கணக்கு. அப்பாவின் தங்கை அப்போது பாவாடை சட்டை போட்ட சிறுமி. அவள் ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். பிறகு என் மூக்கைக் குத்தி ஒரு வளையமும் போட்டார்கள். அம்மாவுக்கு அதுவும் போதவில்லை. வாங்கியதற்கு அடையாளம் வேண்டும் என்றாள். பச்சை குத்துகிற குறத்தி தெருவுக்கு வந்தபோது, அத்தையைப் பிடித்து உட்காரவைத்து முறத்தையும் புள்ளியையும் குத்தச் சொன்னாள். அன்று அத்தை போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய்கள்கூட வந்துவிட்டன என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளை யாரும் கேட்டுக் குத்தவில்லை என்பது அந்தச் சிரிப்பில் ஒருவருக்கும் உறுத்தியதில்லை.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்தது. கடற்கரையை ஒட்டிச் சவுக்கும் முந்திரியும். அப்பா சவுக்கு லாரிக்கு லோடு ஏற்றப் போவார். எங்கள் தெருவில் பத்தாவது பாஸ் செய்த முதல் பெண் அத்தை. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளை நர்ஸ் வேலை பழகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அவள் வெள்ளை யூனிபார்மைத் தைத்து வாங்கிவந்த அன்று தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

முதல் வாரம் முடிந்து வந்தபோது அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு விளக்குமாற்றுக் குச்சியைக் கிள்ளிச் செருகியிருந்தாள். வேலை நேரத்தில் மூக்குத்தி, வளையல், கொலுசு எதுவும் கூடாதாம். படுக்கை விரிப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது, நோயாளியின் கையைப் பிடித்துப் பார்ப்பது என்று தான் பழகியதை எல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டுக் கயிற்றுக்கட்டிலில் கோணிப்பையை விரித்து, நாலு மூலையையும் மடக்கிச் செருகிக் காட்டினாள். அப்பா அதில் படுக்கக் கூச்சப்பட்டுத் தரையில் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரத்தில்தான் கையிலிருந்த பச்சை மற்றவர் கண்ணில் பட்டது. யூனிபார்மின் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். ஊசி போட அத்தை கையை நீட்டியதும் ஒரு நோயாளியின் மனைவி முறத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஆளை வரச் சொல் என்றாளாம். அந்தக் காலத்தில் கையில் அப்படிப் பச்சை இருந்தால் எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. நர்ஸுகளுக்கு எல்லாம் மேலே இருந்த பெரிய சிஸ்டர் அத்தையைக் கூப்பிட்டு, பச்சை வெளியே தெரியக் கூடாது என்றார். மறுநாள் அத்தை அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனாள். கையில் புண்ணோடு வார்டுக்குள் வரக் கூடாது என்றார் பெரிய சிஸ்டர். புண் இல்லை, பச்சைதான் என்று பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டினாள். திங்கட்கிழமைக்குள் ஏதாவது செய்துகொண்டு வா, இல்லாவிட்டால் இந்த வேலை உனக்குச் சரிப்படாது என்று அனுப்பிவிட்டார். அந்த 'ஏதாவது' என்னவென்று அவர் சொல்லவில்லை.

அத்தை வீட்டுக்கு வந்து, பச்சையை எடுத்துவிடப் போகிறேன் என்றாள். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்தப் புள்ளிய அழிச்சின்னா என் புள்ள இருக்க மாட்டான். உனுக்கு வேல பெருசா, உசுரு பெருசா?"

"அது என் கை அண்ணி. அன்னிக்கும் என்னைக் கேக்கல. இன்னிக்கும் கேக்க மாட்டேன்றீங்க."

நான் மூலையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அத்தையின் கையில் இருக்கிற நான் போனால், இங்கே சோறு தின்கிற நானும் போய்விடுவேன். இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் நான் சின்ன வயதிலிருந்தே கூச்சக்காரன். சாகப் போவதைப் பற்றிக்கூட ஒருவரிடமும் வாய் திறந்து கேட்க வரவில்லை. தட்டில் இருந்ததைத் தின்று முடித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அத்தை அடுப்புக்குச் சவுக்கு மிலாறு பொறுக்கிவரப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். சவுக்குத் தோப்பைத் தாண்டி முந்திரித் தோப்புக்குள் போனதும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் முந்தானையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். நான் ஓடப் பார்த்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூட இருக்கணும் நைனா. நீ இல்லாம நான் இத்த செய்ய மாட்டேன்."

காய்ந்த முந்திரிக் கொட்டைகளைப் பொறுக்கி, சருகைக் கூட்டித் தீ வைத்தாள். கொட்டை சூடேறியதும் ஓட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் கொதித்து வந்தது. அந்த எண்ணெய் பட்டால் தோல் உரிந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பச்சையை எடுக்க அதை வைப்பார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். புகை அடர்த்தியாக வந்து கண்ணைக் கரித்தது.

அத்தை என்னைத் தன் எதிரில் உட்காரவைத்தாள். இடது கையை மடியில் மல்லாத்தி வைத்தாள். என் கையை எடுத்து அந்த உள்ளங்கைமேல் கவிழ்த்து வைத்து, மூன்று விரல்களால் என் மணிக்கட்டை அடியிலிருந்து அழுத்திப் பிடித்தாள். நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். வலது கையில் ஒரு குச்சி. அதன் நுனியை எண்ணெயில் தோய்த்தாள். தாவணி முனையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

முறத்தின் கோட்டிலிருந்து ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். அவள் முதல் சொட்டை என்மேல், அந்தப் புள்ளியின்மேல் வைத்தாள்.

அவள் உடம்பு முழுவதும் ஒரு தரம் தூக்கிப் போட்டது. தோல் கருகுகிற வாடை வந்தது. அந்த வாடையை நான் இன்றுவரை மறக்கவில்லை. புள்ளி இருந்த இடம் வெளுத்து, பழுப்பாகி, மேலே எழும்பியது. ஆனால் என் மணிக்கட்டிலிருந்து அவள் விரல் நகரவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். துணியைக் கடித்த வாய்க்குள்ளே உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

நான் சாவதற்காகக் காத்திருந்தேன். எப்படி வரும் என்று தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். திறந்து பார்த்தேன். ஒரு கட்டெறும்பு என் கால்மேல் ஏறி இறங்கிப் போனது. கடல் இரைந்துகொண்டே இருந்தது. கடைசியில் பசித்தது.

"அத்த, பசிக்குது."

அத்தை வாயிலிருந்து துணி விழுந்தது. அவள் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். வலிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் முறத்தின் கோடுகளை எடுத்தாள். அப்போது என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் எழுந்துபோய் மரத்தடியில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும், சுட்ட கொட்டைகளை உடைத்து, எண்ணெய் பட்ட அதே விரல்களால் பருப்பை எடுத்து எனக்கு ஊட்டினாள்.

அவள் யோசிக்காமல் செய்த தப்பு அதுதான்.

மறுநாள் விடிந்தபோது என்னால் கண் திறக்க முடியவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. உதடு இரண்டும் தடித்து மூக்கு வளையத்தைத் தொட்டன. அம்மா என்னைப் பார்த்தாளாம், பிறகு அத்தையின் கையைப் பார்த்தாளாம். அவள் கத்தவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அம்மா கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தைதான் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அவள் கையில் கொப்புளங்கள் உடைந்து என் முதுகெல்லாம் ஈரம். தான் வேலை பழகிய செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள்.

அது திங்கட்கிழமை. அத்தை வேலைக்குப் போக வேண்டிய நாள்.

எனக்குக் கண் தெரியவில்லை. காதில் விழுந்ததைத்தான் சொல்ல முடியும். பெரிய சிஸ்டர் வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்திரிக்கொட்டை எண்ணெயா என்று கேட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை, வீக்கம் வடிகிறவரை இங்கேயே படுத்திருக்கட்டும் என்றார். பிறகு அத்தையின் கையைப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"மறைச்சிட்டு வான்னுதானேம்மா சொன்னேன்."

"எதால மறைக்கிறது சிஸ்டர்?"

அத்தையின் கைக்குப் பெரிய சிஸ்டரே மருந்து வைத்துக் கட்டினார். இந்தப் புண்ணோடு வார்டுக்குள் விட முடியாது, ஆறின பிறகு வா, உன் இடத்தை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். அவர் குரல் அன்று யாரையும் அதட்டவில்லை.

வீக்கம் கொஞ்சம் வடிந்து ஒரு கண் திறந்த அன்று அம்மா முந்தானையில் தவிட்டை முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். ஒரு முறத்தையும் கொண்டுவந்திருந்தாள். என்னைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் முறத்தை வைத்து, அதில் உட்கார் என்றாள். எனக்கு ஏழு வயது. முறத்தில் பாதிதான் உட்கார முடிந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வாட்ச்மேன் விரட்ட வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அத்தை சிரித்துவிடுவாள், பத்தாவது படித்தவள் ஆயிற்றே என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு இரண்டு கையாலும் அம்மாவிடமிருந்தே தவிட்டை வாங்கி, அதை அம்மாவிடமே விலையாகக் கொடுத்து என்னை மறுபடியும் வாங்கிக்கொண்டாள். தவிடு அவள் விரல் சந்தில் எல்லாம் சிந்தியது. புண் வலியில் சிந்துகிறாள் என்று நினைத்தேன்.

புண் ஆற வெகு நாள் ஆயிற்று. ஆறியபோது முறம் இருந்த இடத்தில் முறம் மாதிரியே வெள்ளையாகத் தழும்பு. பச்சையைவிட அதுதான் தூரத்திலேயே தெரிந்தது. ஆனால் அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி கொட்டிவிட்டது என்று அத்தை சொல்லுவாள், பாவம் என்று நோயாளிகள் கையை நீட்டுவார்கள். அந்தக் கையோடு அவள் வெகு காலம் ஊசி போட்டாள், பிரசவம் பார்த்தாள். இப்போது கருங்குழியில் மகன் வீட்டில் இருக்கிறாள். எப்போது போனாலும் வாசலிலேயே என் மணிக்கட்டைப் பிடித்துத்தான் உள்ளே அழைத்துப் போவாள். பாசம் என்று நினைத்திருந்தேன்.

நான் மறைமலைநகர்க் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். போன மாதம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்க்க வந்த நர்ஸுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். காது ஓரம் முழுக்க வளையம், மூக்கில் கல். கையில் பூனையின் காலடிகள் நாலைந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறிப்போகிற மாதிரி பச்சை குத்தியிருந்தாள். நான் வாய் பிளந்து பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். செத்துப்போன பூனையின் ஞாபகத்துக்காகவாம்.

"பெரிய சிஸ்டரு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்மா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"அவுங்களே ஒண்ணு போட்டுகினு கீறாங்கண்ணா."

விரலில் மாட்டுகிற கிளிப் அன்று வேலை செய்யவில்லை. அவள் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என் கையைத் திருப்பி மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து அழுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றாள். உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

அதே இடம். அதே மூன்று விரல்கள். அதே அழுத்தம்.

முந்திரித் தோப்பில் அத்தை என்னை ஓடாமல் பிடித்துவைக்கவில்லை. அம்மாவைப் போல அவளும் நம்பியிருக்கிறாள். புள்ளியைச் சுட்டால் நான் போய்விடலாம் என்று நம்பிக்கொண்டே, என் நாடியில் விரலை வைத்துக்கொண்டே, முதல் சொட்டை வைத்திருக்கிறாள். அது நிற்கிறதா என்று எண்ணியிருக்கிறாள். நின்றிருந்தால்?

"இன்னாண்ணா," என்றாள் அந்தப் பெண், விரலை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்து. "இப்பதான் நல்லா இருந்தீங்க. திடீர்னு இவ்ளோ வேகமா ஓடுது?"